அந்தியூர் ரூட் சாம்பிள்

கையில பஞ்சு ஒட்டியிருக்குதே அம்மிணி, ரத்தம் குடுத்துட்டா வர்றே? எந்த லேப்புல? ஓ, அங்கயா. சின்ன லேப்புதான், நல்லாத்தான் பண்ணுவாங்க, நான் குறை சொல்ல மாட்டேன். ரிப்போர்ட் எப்பத் தர்றேன்னாங்க? நாளைக்குச் சாயந்திரமா? அட ஆண்டவனே. என்ன டெஸ்ட்டு, தைராய்டா? அதுக்கா நாளைக்குச் சாயந்திரம்? எங்ககிட்ட குடுத்திருந்தா நீ வீடு போய்ச் சேர்றதுக்குள்ள போன்ல வந்திருக்கும்.

பஞ்சை எடுத்துப் போட்டுரு, போதும். இந்தா, பேக்கை என்ற மடியில வை, பரவால்ல. நான் அந்தியூர் வரைக்கும் போறேன். நீயும் அங்கதானா? அப்பச் சரி, பேசிட்டே போயிரலாம். பேசாம உக்காந்திருந்தா எனக்கு இப்பெல்லாம் ஒரு மாதிரி ஆயிருது.

நான் லேப் மேனேஜரு. கோகிலவாணின்னு பேரு. எங்க லேப்பு ஈரோட்டுல, பெருந்துறை ரோட்டுல இருக்குது. பேரு வேண்டாம், பஸ்ஸுல நாலு பேரு கேப்பாங்க. என்ற தம்பி வீட்டுக்குப் போயிட்டிருக்கறேன். தம்பி இல்ல, தவறிப் போயிட்டான். ஒரு மாசம் ஆகப் போகுது. லோகநாதன். லோகு, லோகுன்னுதான் கூப்புடுவோம். அந்தியூர்ல மாட்டுத்தீவனக் கடை வச்சிருந்தான். நீ அந்தியூர்தானே, சந்தைக்குப் போற வழியில பாத்திருப்பே, பச்சைப் போர்டு. ஆமா, இப்பப் பூட்டித்தான் கெடக்குது.

அய்யோன்னு சொல்லாதே அம்மிணி. எல்லாரும் சொல்லியாச்சு. எனக்கு அது காதுல விழுகுது, உள்ள எறங்க மாட்டேங்குது.

தம்பி சம்சாரம் வளர்மதி வரச் சொல்லியிருக்கறா. அவளுக்கு ஒரு ரிப்போர்ட் வேணுமாம். லோகு கடைசியாக் குடுத்த ரத்தத்தோட ரிப்போர்ட். அவன் போன நாள்ல இருந்து அது ஒண்ணைத்தான் கேக்கறா. எங்கம்மா அவகிட்டப் பேசறதில்ல. ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா என்ற பையன் பொழச்சிருப்பான், இவ பாத்துட்டுத் தூங்கியிருக்கறான்னு அம்மா வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லுது. ஒரம்பரை, சொந்தக்கார சனமும் அதையேதான் பேசுது. ரிப்போர்ட் வந்தா ஆரு மேல தப்புன்னு தெரிஞ்சுரும்ங்கறா வளரு. அது என்ற கையில இல்ல. வெறுங்கையோடதான் போறேன். அந்தப் புள்ளைகளுக்குப் பழங்கூட வாங்கல பாரு, மறந்துட்டேன்.

நீ கேளு, முதல்ல இருந்து சொல்றேன். இல்லாட்டி என்னைத் தப்பா நெனைப்பே.

எங்க லேப்புல முன்னால ஒரு ரத்த டியூப் உள்ள வந்து ரிப்போர்ட்டா வெளிய போறதுக்கு ஒரு நாள் முழுக்க ஆகும். சனங்க வந்து வாசல்ல நிப்பாங்க, சண்டை போடுவாங்க. எங்க டாக்டர், ஓனர்தான், சென்னையில இருந்து ஒருத்தரைக் கூப்புட்டாரு. வேலையைச் சுறுசுறுப்பாக்கறதுக்குன்னே படிச்ச ஆளு. கையில ஸ்டாப்வாட்ச் வச்சுட்டு டியூப் பின்னாலயே நடந்தாரு. டியூப் நின்னா அவரும் நிப்பாரு. கடைசியில என்ற முன்னால உக்காந்து சொன்னாரு, "மேடம், மிஷின் வேலை செய்யற நேரம் கொஞ்சம்தான். மத்த நேரமெல்லாம் டியூப் சும்மா நிக்குது, உங்க ஆளுங்க பேசிட்டு இருக்காங்க"ன்னு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. நெசந்தானே? அன்னைக்கு ராத்திரி என்ற வீட்டு அடுப்படியைக்கூட மாத்தி அடுக்கினேன்னா பாத்துக்கோயேன்.

அப்பறம் பூராத்தையும் நான்தான் மாத்தினேன். ரத்தத்தைச் சுத்தி விடற மிஷின் உள் ரூம்ல இருந்துச்சு, அதைத் தூக்கி ரிசப்ஷன் ஜன்னல் பக்கத்துல வச்சேன். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை மொத்தமாப் போட்டு ஓட்டறதை நிறுத்தி, வர வர ஓட்ட வச்சேன். பேரெழுதி ஒட்டறதுக்குப் பதிலா கோடு போட்ட ஸ்டிக்கர். எல்லாம் நல்லாத்தான் போச்சு. நாலு மணி நேரத்துல ரிப்போர்ட். சனம் அசந்து போச்சு.

அதுக்கு மேலயும் குறைக்கலாமான்னாரு டாக்டர். குறைக்கலாம்னேன்.

சாந்தாமணின்னு எங்க சீனியர் டெக்னீசியன். அவளுக்கு ஒரு பழக்கம். ஸ்கிரீன்ல தெரிஞ்ச பேரு வந்தாப் போதும், "மேடம், டீக்கடை மாமாவுக்குச் சக்கரை ஏறிப்போச்சு", "நம்ம டீச்சரம்மாளுக்கு உப்பு எறங்கிப்போச்சு"ன்னு கத்துவா. மத்தவங்களும் எந்திரிச்சு வந்து பாப்பாங்க. டியூப் அங்கயே நிக்கும். நான் ஸ்கிரீன்ல இருந்து பேரையே எடுத்துட்டேன். நம்பர் மட்டுந்தான் வரும். பேஷண்ட் ரகசியமும் காப்பாத்தின மாதிரி ஆச்சுன்னு டாக்டர் பாராட்டினாரு.

இன்னொண்ணு, பொட்டாசியம். உனக்குச் சொன்னாப் புரியும், அது ரத்தத்துல இருக்கற ஒரு உப்பு. அஞ்சுக்கு மேல போனா ஆகாது, ஆறு ஏழுன்னு போனா இதயமே நின்னு போயிரும். ஆனா சாம்பிள் குலுங்கி, வெயில்ல நின்னு வந்தாலும் அது பொய்யா ஏறிக் காட்டும். அதனால சாந்தாமணி அதிகமா வர்ற டியூபை எல்லாம் கையில எடுத்து டியூப்லைட்டுக்கு நேராப் புடிச்சுப் பாப்பா. மேல நிக்கற தண்ணி செவப்பா இருந்தா ரத்தம் செதஞ்சு போச்சு, பொய். தெளிவா இருந்தா உடனே போன் எடுத்துருவா. போன்னா சும்மா போன் இல்ல. "ஏனுங், சாப்புட்டீங்களா, கூட ஆரு இருக்கறாங்க, பயப்படாதீங்க, வண்டி வச்சுட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னு அரை மணி நேரம் பேசுவா. அவ பேசி முடிக்கற வரைக்கும் பின்னால ஒரு வரிசையே நிக்கும்.

நம்ம அந்தியூர் ரோட்டைக் கொழாய் பதிக்கத் தோண்டிப் போட்டாங்களே, ஞாபகம் இருக்குதா? அந்த நேரத்துல அந்தியூர்ல இருந்து டூவீலர்ல வர்ற சாம்பிள் எல்லாத்துலயும் பொட்டாசியம் ஏறிடுச்சு. தண்ணி லேசாச் செவந்திருந்தாலும் விட மனசில்லாம, சாந்தாமணி போன் போட்டு போன் போட்டு ஊரையே ஆஸ்பத்திரிக்கு ஓட வச்சுட்டா. அங்க போய்ப் பாத்தா எல்லாம் சரியா இருக்குது. டாக்டருங்க எங்களைப் புடிச்சு வாங்கினாங்க, உங்க லேப்பு பொட்டாசியத்தை நம்பறதா வேண்டாமான்னு. எனக்கு மானம் போச்சு.

அதுக்குத்தான் ரூல் போட்டேன். அந்தியூர் ரூட்டுல பொட்டாசியம் அதிகமா வந்தாத் தூக்கிப் பாக்க வேண்டாம், போன் பண்ண வேண்டாம். ஒரு பட்டன். நிறுத்தி வை. மறுநாள் காலைல வந்து திரும்ப ரத்தம் குடுங்கன்னு பேஷண்டுக்கு மெசேஜ் தானாப் போயிரும். மெசேஜ் வாசகமெல்லாம் நானே உக்காந்து எழுதினது, நல்ல தமிழ்ல. ரோடு போட்டு முடிச்சாங்க, ரூல் அப்புடியே இருந்துச்சு. நல்லா ஓடிட்டு இருக்கறதை எதுக்குக் கலைக்கோணும்?

வெரசா ரிப்போர்ட் குடுக்கற லேப்புன்னு அந்த வருசம் எங்களுக்குத்தான் பரிசு. கோயமுத்தூர்ல பெரிய ஓட்டல்ல வச்சு சால்வை போட்டாங்க. லோகு அந்தப் போட்டோவை வாங்கி அவன் போன்ல எல்லாரும் பாக்கற மாதிரிப் போட்டு, "என்ற அக்கா"ன்னு எழுதியிருந்தான். வேற ஒண்ணும் எழுதல. என்ற அக்கா, அவ்வளவுதான்.

அவனுக்குச் சக்கரை இருந்துச்சு, கூடவே ரத்தக்கொதிப்பு. கிட்னி கொஞ்சம் சோம்பேறியாயிருச்சுன்னு டாக்டர் சொல்லி, மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் பாக்கச் சொல்லியிருந்தாரு. இவன் எங்கிட்டச் சொல்ல மாட்டான், நான் வைவேன்னு. அந்தியூர்ல எங்க கலெக்‌ஷன் சென்டர்ல போய்க் கமுக்கமாக் குடுத்துட்டு வந்துருவான். முன்னெல்லாம் பேரு வருமில்ல, சாந்தாமணி கத்துவா, "மேடம், உங்க தம்பி சாம்பிள் வந்திருக்குது"ன்னு. நான் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, அது அவனுக்குப் போறதுக்கு முன்னாலயே போன் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்குவேன். "உனக்கு ஆரு சொன்னாங்க"ம்பான், திருட்டு முழி முழிக்கறது போன்லயே தெரியும்.

இந்தத் தடவை ஆரும் சொல்லல. சாயந்திரம் அவனே கூப்புட்டான்.

"அக்கா, உங்க லேப்புல இருந்து மெசேஜ் வந்திருக்குது. திரும்ப ரத்தம் குடுக்கோணுமாம். ஏதாச்சும் ஏடாகூடமா இருக்குதா?"

"நீ அந்தியூர்லயா குடுத்தே? எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"வளருதான் தொரத்தி உட்டா."

"அப்ப ஒண்ணுமில்ல சாமி. அந்த ரூட்டு சாம்பிளே அப்புடித்தான், வண்டியில குலுங்கிப் போயிருது. காலைல போய்க் குடுத்துட்டு வா."

"காலு ரெண்டும் தொவளுதுக்கா. கடைப்படி ஏறறதுக்கே கஷ்டமா இருக்குது."

"வெயில்ல மூட்டை தூக்கினாத் தொவளாம என்ன பண்ணும்? எளநி ரெண்டு வாங்கிக் குடிச்சுட்டுப் படு."

"டாக்டர் எளநி வேண்டாம்னாருக்கா. அதுல பொட்டாசியம் இருக்குதாம்."

"ஒரு நாளைக்குக் குடிச்சா ஒண்ணும் ஆகிடாது. அக்கா சொல்றேனில்ல?"

"சரிக்கா. நீ சொன்னாச் சரி."

எனக்கு அன்னைக்கு எங்க லேப் டாக்டரோட மீட்டிங், நான் படியேறிட்டே பேசினேன். பாசமாத்தான் பேசினேன், அம்மிணி. அவன் சின்ன வயசுல பயந்தாலும் இப்புடித்தான், நான் ஒண்ணுமில்லைன்னாப் போதும், போய்ப் படுத்துக்குவான்.

விடியக்காலம் எந்திரிச்சுப் பாத்ரூம் போனவன் அங்கயே விழுந்துட்டான். வளரு பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, வேன்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கறா. போற வழியிலயே உசுரு போயிருச்சு. அங்க இருந்த டாக்டர் கேட்டாராம், "கிட்னி பேஷண்ட்டா, கடைசியா எப்ப ரத்தம் பாத்தீங்க?"ன்னு. "நேத்துங்க"ன்னிருக்கறா. "ரிப்போர்ட் எங்க?"ன்னாராம். "இன்னும் வரலீங்க"ன்னாளாம்.

எங்க லேப்புல இருந்து எல்லாரும் மாலையோட வந்தாங்க. சாந்தாமணி மாரடிச்சுட்டு அழுதா. நான் அழுகல. பந்தல் போட வந்தவங்ககிட்ட எந்தப் பக்கம் சேர் போட்டாக் கூட்டம் வழி மறிக்காமப் போகும்னு சொல்லிட்டு இருந்தேன். சனம் ஒரு வாசல்ல நுழைஞ்சு பாத்துட்டு இன்னொரு வாசல் வழியா வெளிய போற மாதிரி பண்ணினேன். நெரிசலே இல்ல. எங்க மாமா ஒருத்தரு, "இதையும் நீதான் பாக்கோணுமா கோகிலா"ன்னாரு. ஆராச்சும் பாக்கோணுமில்ல? காரியம் முடிஞ்ச மறுநாளே வேலைக்குப் போயிட்டேன். கையும் காலும் ஓடுது. உள்ள கரண்டு போன மாதிரி இருக்குது. சோறு தின்னா ருசி தெரியல, தின்னேனாங்கறதே சித்த நேரத்துல மறந்து போயிருது.

அம்மா வளருவைப் பேசினப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். "அக்காவே ஒண்ணுமில்லைன்னுட்டாங்கன்னு சொல்லிட்டுத்தானுங்க அத்தை படுத்தாரு"ன்னு அவ சொன்னா. ஆரும் காதுல போட்டுக்கல. நானும் ஒண்ணும் சொல்லல. நான் எதுக்குச் சொல்லோணும்? காலு தொவளுதுன்னு சொல்ற ஆளை, பக்கத்துல இருக்கறவ பாத்து ஒரு ஆட்டோ வச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கலாமில்ல? நான் ஈரோட்டுல இருக்கறேன், அவ வீட்டுக்குள்ள இருக்கறா. நீயே சொல்லு.

அப்பறம் ஒரு நாள் அவ போன் பண்ணினா. "அண்ணி, அவரு குடுத்த ரத்தத்துக்கு ரிப்போர்ட் வரவே இல்ல. அதைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க"ன்னா. சரின்னு எடுத்துப் பாத்தேன். பொட்டாசியம் ஏழு புள்ளி ஒண்ணு. நிறுத்தினது ஆருன்னு பக்கத்துல காட்டும். என்ற ஐடி. அன்னைக்கு மத்தியானம் சாந்தாமணி சாப்புடப் போயிருக்கறா, அந்த எடத்துல நான் உக்காந்திருக்கறேன். வரிசையா நம்பரா வந்திருக்கும், நான் பட்டனைத் தட்டித் தட்டி விட்டிருப்பேன். வெசையாத் தட்டுவேன் நான், எங்க லேப்புலயே என்ற அளவுக்கு ஆரும் தட்ட மாட்டாங்க. அந்த டியூப் செவப்பா இருந்துச்சா தெளிவா இருந்துச்சான்னு கேக்காதே. ஆரும் தூக்கிப் பாக்கல. அது அப்ப எங்க வேலையிலயே இல்ல.

சாந்தாமணி எனக்குப் பின்னால நின்னு பாத்துட்டா. "பேரு இருந்திருந்தா நான் கத்தியிருப்பேனே மேடம்"ன்னா. எனக்கு அவ மேலதான் கோவம் வந்துச்சு. அங்க இருக்க வேண்டியவ சாப்புடப் போயிட்டு, இப்ப வந்து பேசறா. அவ ஷிஃப்டை மாத்திப் போட்டேன்.

ஏன் வளருவுக்கு அதை அப்புடியே எடுத்துக் குடுக்கலைங்கறியா? நிறுத்தினதைத் திரும்ப வெளிய விடோணும்னா எங்க டாக்டர் கையெழுத்துப் போடோணும். ஏன் நிறுத்தினே, இப்ப ஏன் விடறேன்னு விளக்கம் எழுதோணும். ஏழு புள்ளி ஒண்ணு நெசந்தானான்னு கேப்பாரு. நெசம்னு நான் எப்புடிச் சொல்றது? பொய்னு எப்புடிச் சொல்றது? திரும்ப எடுத்துப் பாக்கறதுக்கு ஆளு வேணுமே.

அப்புடியே நாள் ஓடிருச்சு. மாசக் கடைசியும் வந்துருச்சு. எங்க டாக்டருக்கு வேற ஊர்லயும் கிளை இருக்குது, மாசக் கடைசி மீட்டிங்ல பெரிய ஸ்கிரீன்ல எல்லா கிளையோட கணக்கும் போடுவாங்க. முடியாம நிக்கறது எத்தனைன்னு காட்டும். எங்களுது எப்பவும் சைபர்தான். இந்தத் தடவை ஒண்ணு நிக்குது. ஒண்ணே ஒண்ணு, செவப்பு எழுத்துல. எல்லாரும் அதைப் பாக்கறாங்க. டாக்டர் என்னைத் திரும்பிப் பாத்தாரு. நான் அங்கயே உக்காந்து கேன்சல் போட்டுட்டேன்.

கேன்சல் போட்டாக் காரணம்னு ஒரு கட்டம் வரும். நம்ம இஷ்டத்துக்கு எழுத முடியாது, இருக்கற நாலுல ஒண்ணைத்தான் தொடோணும். சாம்பிள் போதவில்லை. சாம்பிள் கெட்டுவிட்டது. டாக்டர் வேண்டாம் என்றார். நோயாளி திரும்ப வரவில்லை. மொதல் ரெண்டும் எங்க தப்பு, கிளைக் கணக்குல ஏறும். மூணாவது பொய். நாலாவதைத் தொட்டேன். அது பொய் இல்லையே அம்மிணி? வரலதானே அவன்?

ஆனா கேன்சல் போட்டா மெசேஜ் போகுமின்னு அந்த நேரத்துல எனக்கு ஞாபகம் வரல. நானே வச்ச ஏற்பாடுதான். லோகு போன் இப்ப வளருகிட்ட இருக்குது, கடை பாக்கிக்காரங்க கூப்புடுவாங்கன்னு அணைக்காம வச்சிருக்கறா. நேத்து ராத்திரி எனக்குப் போன் போட்டு அந்த மெசேஜை வரிவரியாப் படிச்சா. "மதிப்பிற்குரிய லோகநாதன் அவர்களுக்கு, தாங்கள் மறுபரிசோதனைக்கு வராததால் தங்கள் பரிசோதனை ரத்து செய்யப்பட்டது. நலமுடன் வாழ வாழ்த்துகள்."

வாழ்த்துகள் வரைக்கும் படிச்சு முடிச்சா. அப்பறம், "அவரு வரலைன்னா போட்டீங்க, அண்ணி?"ன்னா.

நான் போனை இந்தக் காதுல இருந்து அந்தக் காதுக்கு மாத்தினேன்.

"நாளைக்கு வாங்க. அத்தையும் இருப்பாங்க. அன்னைக்குச் சாயந்திரம் அவரு ஆரைக் கேட்டுட்டுப் படுத்தாருன்னு உங்க வாயாலயே அவங்க முன்னால சொல்லிட்டுப் போங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்"ன்னா. கத்தல, அழுகல. வச்சுட்டா.

இதோ பவானி தாண்டியாச்சு. இன்னும் கொஞ்சந்தான். என்ன சொல்றதுன்னு ஈரோட்டுல ஏறினதுல இருந்து யோசிச்சுட்டுத்தான் வர்றேன், ஒண்ணும் ஓட மாட்டேங்குது. ஒண்ணே ஒண்ணுதான் தோணுது. அந்தக் கட்டத்துல நாலு காரணம் பத்தாது அம்மிணி. அஞ்சாவதா ஒண்ணு வைக்கோணும், நோயாளி இறந்துவிட்டார்னு. அதைத் தொட்டா மெசேஜ் போகக் கூடாது. அப்புடி ஒரு கட்டம் இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது பாரு. எறங்கினதும் லேப்புக்குப் போன் போட்டு அதைச் சொல்லிரோணும். அப்பறம் வீட்டுக்குள்ள போயிட்டா மறந்தாலும் மறந்துருவேன்.